ஜூலி லண்டன், 'ஜூலி இஸ் ஹெர் நேம்' (1955): எந்தப் பதிப்பு, எப்படிக் கேட்பது, அந்தக் குரலில் அப்படி என்ன இருக்கிறது?

ஊசிமுனை:

மூன்றே பேர். பாட்டு அமெரிக்கப் பாடகி ஜூலி லண்டன், கிட்டார் பார்னி கெஸ்ஸல், டபுள் பேஸ் ரே லெதர்வுட். டிரம்ஸ் இல்லை, பியானோ இல்லை, வயலின் கூட்டம் இல்லை. 1955-ல் புதிதாகத் தொடங்கிய லிபர்ட்டி நிறுவனம் வெளியிட்ட ஆல்பம். தயாரித்தவர் பாபி ட்ரூப். 'ரூட் 66' பாட்டை எழுதியவர் அவர்தான், பிற்பாடு 1959-ல் ஜூலியை மணந்தவரும் அவரே. மொத்தம் 13 பாட்டு, அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. முதல் பாட்டு 'க்ரை மீ எ ரிவர்', பில்போர்ட் பட்டியலில் 9-ஆம் இடம் வரை போனது.

அந்தப் பாட்டை ஆர்தர் ஹாமில்டன் முதலில் ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்காகத்தான் எழுதினார், 'பீட் கெல்லிஸ் ப்ளூஸ்' படத்துக்கு. படத்தில் அது இடம்பெறவில்லை. இயக்குநர் ஜாக் வெப், ஜூலியின் முன்னாள் கணவர். பாட்டு ஜூலியிடம் வந்து சேர்ந்தது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு அதை 1961-ல்தான் தன் ஆல்பத்தில் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே மெட்டு எவ்வளவு தூரம் விலகிப் போக முடியும் என்பது விளங்கும்.

இந்த இழையில் வட்டு, ஊசி, ஒலிபெருக்கிப் பெட்டி, பாடும் முறை, கிட்டார் வாசிப்பு எல்லாவற்றையும் பேசுவோம். முதலில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இது மோனோ பதிவு, அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில். உறையில் 'ஸ்டீரியோ' என்று போட்டு இந்த ஆல்பம் எங்கே கிடைத்தாலும் அது பின்னாளில் செயற்கையாகப் பிரித்தது. தவிர்த்துவிடுங்கள்.

கல்யாணி_ரசிகை:

செயற்கை ஸ்டீரியோ என்றால் என்ன செய்திருப்பார்கள் சார்? கேட்கும்போது குரல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிற மாதிரியும், சில எழுத்துகள் மட்டும் இன்னொரு பக்கம் தெறிக்கிற மாதிரியும் இருக்கிறது. இரண்டு சேனலையும் சேர்த்து மறுபடி மோனோ ஆக்கினால் சரியாகிவிடுமா?

ஊசிமுனை:

நீங்கள் சொல்வது அதன் அடையாளமேதான். ஒரே மோனோ நாடாவை எடுத்து, கீழ் அதிர்வெண்களை ஒரு சேனலிலும் மேல் அதிர்வெண்களை இன்னொன்றிலும் தூக்கி வைப்பார்கள். சில இடங்களில் ஒரு சேனலைச் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்துவதும் உண்டு. குரலின் மார்பொலி இடப்பக்கம், 'ஸ', 'ட' போன்ற ஒலிகள் வலப்பக்கம் என்று ஆள் இரண்டாகிவிடுவார். மூன்றே பேர் இருக்கிற பதிவில் இந்தக் கேடு அப்படியே வெளியே தெரியும்.

மறுபடி சேர்ப்பது எல்லா நேரமும் பலிக்காது. வெறும் அதிர்வெண் பிரிப்பு மட்டும் என்றால் சேர்த்ததும் ஓரளவு தேறும். தாமதம் கலந்திருந்தால் சேர்க்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். தாமதம் 1 மில்லிசெகண்ட் என்று வையுங்கள்: 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல ஆகும். அதை எந்த ஈக்வலைசராலும் நிமிர்த்த முடியாது. மோனோ மூலத்திலிருந்து எடுத்த பதிப்பைத் தேடுவதுதான் வழி.

கோப்பாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு சோதனை. ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் திறந்து, ஸ்டீரியோ தடத்தைப் பிரித்து, ஒரு சேனலைத் தலைகீழாக்கி இரண்டையும் கலந்து பாருங்கள். உண்மையான மோனோ என்றால் கிட்டத்தட்ட மௌனம்தான் மிஞ்சும். வட்டிலிருந்து எடுத்ததாக இருந்தால் கொஞ்சம் கரகரப்பு இருக்கும். குரலே மிஞ்சினால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

மீட்டர்60:

நல்ல மோனோ வட்டையே ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பகுதி) ஓட்டும்போதும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மோனோ வட்டில் இசை முழுக்க ஊசியின் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் இருப்பது தூசி, கீறல், மோட்டார் அதிர்வு. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் அதையும் சேர்த்துப் படிக்கும். இரண்டு சேனலையும் கூட்டினால் மேல்கீழ் அசைவு ரத்தாகும், இரைச்சல் சட்டென்று குறையும். இந்த ஆல்பத்தில் அமைதியான இடம் அதிகம், அதனால் பலன் நன்றாகத் தெரியும்.

ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள், வேலை முடிந்தது. இல்லாதவர்கள் செய்கிற தவறு, ஃபோனோ ப்ரீஆம்ப் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் கருவி) வெளியீட்டில் வெறும் ஒய் கேபிளை, அதாவது இரண்டு கம்பியை ஒன்றாகச் சேர்ப்பதை, போடுவது. இரண்டு வெளியீட்டுச் சுற்றுகளும் ஒன்றை ஒன்று இழுக்கும். ஒலி கலங்கும், சில கருவிகளுக்கு அது நல்லதும் அல்ல. ஒவ்வொரு சேனலுக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்து அதன் பிறகு இணைத்தால் சரி. ப்ரீஆம்ப்புக்கு முன்னால், கார்ட்ரிட்ஜ் பக்கம், ஒய் கேபிள் போடலாம். அங்கே இருப்பது வெறும் சுருள்கள்தான்.

ஊசி அளவும் சொல்லிவிடுகிறேன். 1955 மோனோ வட்டின் பள்ளம் 1 மில், அதாவது 25 மைக்ரான், உருண்டை ஊசிக்காக வெட்டப்பட்டது. ஸ்டீரியோ காலத்து 0.7 மில் ஊசி இன்னும் ஆழத்தில் உட்காரும். பழைய வட்டில் மேல்பகுதி தேய்ந்திருந்தால் சில சமயம் அது வசதியும்கூட, தேயாத சுவரைப் படிக்கும். அடிப்பகுதியில் அழுக்கு இருந்தால் அதையும் படிக்கும். ஆகவே ஈரக் கழுவல் கட்டாயம்.

தாழ்சுருதி:

வட்டுக்காரர்கள் பேசி முடிப்பதற்குள் குரலுக்கு வருகிறேன். ஜூலி லண்டனே தன் குரலைப் பற்றிச் சொன்னது உண்டு: ஒரு விரல்பூண் (தைக்கும்போது விரல்நுனியில் மாட்டும் உறை) அளவுக்குத்தான் இருக்கிறது, மைக்குக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்று. அதைப் பிடித்துக்கொண்டு பலரும் 'மைக் வித்தை' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

மைக் அருகில் பாடுவது எளிது என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். வாய்க்கும் மைக்குக்கும் 5 செ.மீ. தூரம் இருக்கும்போது தலையை இன்னொரு 5 செ.மீ. பின்னால் இழுத்தால் ஒலி 6 டெசிபல் விழும். 30 செ.மீ. தூரத்தில் அதே 5 செ.மீ. நகர்ந்தால் ஒன்றரை டெசிபல்கூட மாறாது. பக்கத்தில் நின்று ஒரே சீராக ஒலிக்க வேண்டுமென்றால் தலை, தாடை, மூச்சு மூன்றும் கட்டுக்குள் இருக்க வேண்டும். போதாததற்குத் திசைநாட்டமுள்ள மைக்குகள் அருகில் போகப் போக கீழ் அதிர்வெண்ணைத் தூக்கிக்காட்டும். தாழ்ந்த சுரத்தில் குரல் தடித்துத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதே தூக்கல் 'ப' வரும் இடத்தில் குண்டு வெடிப்பாகவும் மாறும். இந்த ஆல்பத்தில் அப்படி வெடிக்கிற இடங்களைத் தேடிப் பாருங்கள், மிக அரிது.

அடுத்தது மூச்சு. குசுகுசுப்பு வேறு, இது வேறு. குசுகுசுக்கும்போது குரல்நாண்கள் அதிர்வதே இல்லை, சுருதியே கிடையாது. ஜூலி ஒவ்வொரு சுரத்திலும் நாண்களைச் சேர்த்துத்தான் பாடுகிறார், சுரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் கொஞ்சம் காற்றை விடுகிறார். நடுப்பகுதி கெட்டியாக, சுருதியோடு நிற்கிறது. அதிர்வும் அப்படித்தான்: நேராகப் பிடித்து, வரியின் கடைசியில் லேசாக விடுவார்.

மீட்டர்60:

தாழ்சுருதி அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன். கட்டுப்பாடு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 13 பாட்டும் ஒரே நிறம். இதே குரல், கிட்டார், பேஸ் அமைப்பில் ஜாஸ் பாடகி சாரா வான் 1961-ல் 'ஆஃப்டர் அவர்ஸ்' செய்தார். கிட்டார் மண்டெல் லோ, பேஸ் ஜார்ஜ் டுவிவியர். அங்கே மெட்டையே வளைத்து, கீழிருந்து மேல்வரை ஏறி இறங்கி, ஒவ்வொரு பாட்டிலும் புதிதாக ஒன்று நடக்கிறது. ஜூலி மெட்டை எழுதினபடி பாடிவிட்டுப் போகிறார். ஜாஸ் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு.

தாழ்சுருதி:

சாரா வானோடு வைத்தால் யார்தான் நிற்பார்கள்! ஆனால் 'மெட்டை எழுதினபடி' என்பது சரியல்ல. சுரத்தில் மாற்றம் குறைவு, காலத்தில் மாற்றம் நிறைய. அவர் வரியைத் தாளத்துக்குப் பின்னால் போட்டு, நடுவில் இரண்டு மூன்று சொல்லைச் சுருக்கி, கடைசிச் சொல்லைப் பேஸோடு சேர்த்து இறக்குகிறார். டிரம்ஸ் இல்லாததால் தாளத்தைக் காட்டுகிறவர் லெதர்வுட் ஒருவர்தான். அவர் அசையாமல் நடக்க, குரல் பின்னே நழுவுகிறது. அந்த இடைவெளியில்தான் இந்த ஆல்பத்தின் 'மயக்கம்' என்று எல்லோரும் சொல்கிற சங்கதி பிறக்கிறது. கரகரப்பிலோ மூச்சிலோ பாதிகூட இல்லை.

'லாரா'வையும் கேளுங்கள். டேவிட் ராக்ஸின் மெட்டு, பாடல் வரி ஜானி மெர்சர். நான்கு பார்களுக்கு (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) ஒரு முறை ஆதார சுருதியே ஒரு முழுச் சுரம் கீழே இறங்குகிற மெட்டு: ஜி-யில் ஆரம்பித்தால் எஃப், பிறகு ஈ ஃப்ளாட். பியானோ போன்ற தாங்கல் இல்லாமல், ஒரு கிட்டாரை மட்டும் நம்பி அதைப் பாடும்போது சுருதி நழுவினால் எங்கேயும் ஒளிந்துகொள்ள முடியாது. அவர் நழுவவில்லை.

கல்யாணி_ரசிகை:

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகினவர்களுக்கு இந்தப் 'பின்னால் போடுவது' முதலில் எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) மாதிரித் தோன்றும். எடுப்பு என்பது பாட்டிலேயே அமைந்தது, ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் அதே இடம். இங்கே வரிக்கு வரி மாறுகிறது, பாடகரின் விருப்பம். கூடவே கையில் தாளம் போட்டுப் பாருங்கள். பேஸ் நம் கையோடு வரும், குரல் வராது. அந்த வித்தியாசத்தைக் காது பிடித்துவிட்டால் இந்த ஆல்பமே வேறாகக் கேட்கும்.

இதைப் பாடிப் பழக வழி சொல்லுங்களேன். மெதுவாகப் பாடினால் போதும் என்று நினைக்கிற மாணவர்கள் நிறைய.

தாழ்சுருதி:

மெதுவாகப் பாடுவதுதான் முதல் கேடு. பாடகர் தாமதிக்க, கிட்டார்காரர் மரியாதைக்குக் காத்திருக்க, அவரைப் பார்த்துப் பேஸ்காரர் காத்திருக்க, மூன்று பேரும் சேர்ந்து கிணற்றுக்குள் இறங்குவார்கள். விதி ஒன்றுதான்: பேஸ் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது.

பழகும் முறை இது. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 30-ல் வைத்து, அந்தத் தட்டை 2-ஆம், 4-ஆம் எண்ணிக்கையாக எண்ணுங்கள். பாட்டின் வேகம் 60 ஆகும். முதலில் வரியைப் பாடாமல் பேசுங்கள், இயல்பாக, யாரிடமோ சொல்கிற மாதிரி. எந்தச் சொல்லில் அழுத்தம் தானாக விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தாளத்துக்கு அச்சாக ஒட்டிப் பாடுங்கள். அது தடுமாறாமல் வந்த பிறகுதான் முதல் சொல்லைக் கால் எண்ணிக்கை தள்ளிப் போட வேண்டும். 60-ல் அது கால் விநாடி. வரியின் கடைசிச் சொல் மட்டும் தட்டோடு விழட்டும். எல்லாச் சொல்லையும் தள்ளினால் பாட்டு தளர்ந்துதான் போகும்.

சுருதி இறங்குவது இரண்டாவது கேடு. சத்தத்தைக் குறைக்கும்போது வயிற்றுப் பிடிப்பையும் விட்டுவிடுவார்கள், காற்றழுத்தம் விழும், சுரம் கீழே சரியும். மென்மையாகப் பாடும்போதுதான் பிடிப்பு கூடுதலாக வேண்டும். மைக்கை வாயிலிருந்து 7, 8 செ.மீ. தூரத்தில், வாய்க்கு நேராக வைக்காமல் 30 டிகிரி பக்கவாட்டில் வையுங்கள். நடுவே துணித் தடுப்பு. மிக்ஸரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். எதிரொலியை நிகழ்ச்சிக்கு விட்டுவிடுங்கள், பயிற்சியில் போட்டால் பிழை தெரியாது.

நரம்பிசை_கோவை:

பார்னி கெஸ்ஸலைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே! ஆல்பத்தின் பாதி அவர்தான். 1952, 53-ல் பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனின் மூவர் குழுவில் டிரம்ஸ் இல்லாமல் வாசித்த கை. இங்கே பியானோவின் வேலை, சில இடத்தில் டிரம்ஸின் வேலை, இரண்டும் அவர் தலையில்.

கவனிக்க வேண்டியது அவர் எப்போது வாசிக்கவில்லை என்பது. ஜூலி வரி பாடும்போது ஒன்றிரண்டு கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டம்), அதுவும் குறுகியவை. வரி முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு சின்னச் சங்கதி. குரல் கீழே இருந்தால் அவர் மேல் தந்திகளுக்குப் போய்விடுவார்.

வாசிக்கிறவர்களுக்கு ஒரு எளிய தொடக்கம். மூலச் சுரத்தைப் பேஸ்காரரிடம் கொடுத்துவிட்டு மூன்றே சுரம் பிடியுங்கள். சி மைனர் 9: நான்காம் தந்தியில் 1-ஆம் ஃப்ரெட், மூன்றாம் தந்தியில் 3, இரண்டாம் தந்தியில் 3. அதாவது ஈ ஃப்ளாட், பி ஃப்ளாட், டி. அடுத்து எஃப் 13: மூன்றாம் தந்தி விரலை மட்டும் 3-லிருந்து 2-க்கு இறக்குங்கள், மற்ற இரண்டும் அசையக் கூடாது. பிறகு பி ஃப்ளாட் மேஜர் 9: நான்காம் தந்தி வெறுமையாக, மூன்றாம் தந்தி 2-லேயே, இரண்டாம் தந்தி 1. மூன்று கார்டுக்குள் கை ஒரு அங்குலம்கூட நகரவில்லை. பாடகருக்கு அடியில் தரை அசையாத உணர்வு இதனால்தான் வருகிறது. ஆறு தந்தியையும் அடிக்கிற பெரிய பார் கார்ட் பிடித்தால் கீழ்ச் சுரங்கள் பேஸோடு மோதும், குரலின் மார்பொலியையும் மூடிவிடும்.

தந்தி .012 அல்லது .013 ஃப்ளாட்வூண்ட் (வழவழப்பான தட்டைச் சுற்று), கழுத்துப் பக்க பிக்கப், டோன் பாதிக்குக் கீழே. ரவுண்ட்வூண்ட் போட்டால் விரல் நகரும் கீச்சொலி குரலின் மூச்சொலியோடு போட்டி போடும்.

கல்யாணி_ரசிகை:

எந்த வரிசையில் கேட்கலாம்? முதல் பாட்டு எல்லோருக்கும் தெரியும் என்பதால் மற்றது மறைந்துபோகிறது.

தாழ்சுருதி:

'சே இட் இஸ்ன்ட் ஸோ' முதலில். இர்விங் பெர்லின் 1932-ல் எழுதியது, கேள்வியும் கெஞ்சலுமாக நகரும் வரிகள். ஜூலி அழாமல் பாடுகிறார், அதனாலேயே உறைக்கிறது. பிறகு 'நோ மூன் அட் ஆல்', 'ஸ் வொண்டர்ஃபுல்' இரண்டும், வேகத்தில் இவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்க்க. அப்புறம் 'லாரா'. கடைசியில் 'க்ரை மீ எ ரிவர்'. அதில் குரலைச் சுற்றி இருக்கும் எதிரொலியையும், முடிவில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே தேய்ந்து போவதையும் அப்போது புதிதாகக் கவனிப்பீர்கள். 1956-ல் வந்த 'தி கேர்ள் கான்ட் ஹெல்ப் இட்' படத்தில் இதே பாட்டுக்குத் திரையிலும் வருவார், கதாநாயகன் வீட்டில் எந்த அறைக்குப் போனாலும் உருவெளித் தோற்றமாக.

மீட்டர்60:

தட்டில் ஓட்டுகிறவர்களுக்கு 'ஸ' சீறல் பிரச்சினை வரும், அதையும் சொல்லிவிட வேண்டும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் வட்டின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசியைத் தாண்டும் வேகம் விநாடிக்கு சுமார் 51 செ.மீ.; மையத்துக்கு 6 செ.மீ. அருகில் வரும்போது 21 செ.மீ.தான். அதே அலை நெருக்கமாக எழுதப்பட்டிருக்கும், ஊசி வளைவைப் பிடிக்கத் திணறும். இவ்வளவு நெருக்கமான குரலில் அது உடனே தெரியும். 45 வேகத்தில் வெட்டிய பதிப்பு கிடைத்தால் அதே இடத்தில் 28 செ.மீ., கணிசமான உதவி.

சீறல் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டுகளில் மட்டும் என்றால் கார்ட்ரிட்ஜ் கோணத்தை அளவுத்தாள் வைத்துச் சரிபாருங்கள். முதல் பாட்டிலேயே என்றால் ஊசி எடை குறைவாக இருக்கலாம், தயாரிப்பாளர் 1.8 முதல் 2.2 கிராம் என்று சொன்னால் 2.0-க்கு மேலேயே வையுங்கள். குறைந்த எடை வட்டைக் காக்கும் என்பது தவறான நம்பிக்கை. ஊசி பள்ளத்துக்குள் துள்ளித்தான் சுவரைக் கெடுக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் சீறினால் அந்த வட்டை முன்னால் வைத்திருந்தவர் கனமான ஊசியில் ஓட்டித் தேய்த்திருக்கிறார். அதற்கு மருந்து இல்லை.

ஊசிமுனை:

ஒலிபெருக்கி பற்றியும் ஒரு வரி. மோனோவை இரண்டு பெட்டியில் கேட்டால் நடுவில் தெரிகிற குரல் மாயத் தோற்றம். ஒவ்வொரு காதுக்கும் எதிர்ப்பெட்டியின் ஒலி சற்றுப் பிந்தி வந்து சேர்வதால் 2 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒரு பள்ளம் விழும். மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கிற பகுதி அது. ஒரே பெட்டியை நேர் எதிரே வைத்துக் கேளுங்கள். சத்தம் பேச்சுக்குரல் அளவு, உட்காரும் இடத்தில் 65 முதல் 70 டெசிபல். அதற்கு மேலே தூக்கினால் ஜூலி உங்களைவிடப் பெரிய உருவமாகிவிடுவார், பேஸும் அறையை உலுக்கும்.

நரம்பிசை_கோவை:

இரண்டாம் தொகுதி 1958-ல் வந்தது. கிட்டார் ஹோவர்ட் ராபர்ட்ஸ், பேஸ் ரெட் மிட்செல். அதற்கும் இதே மோனோ விதிதானா சார்?

ஊசிமுனை:

இல்லை. அது உண்மையான ஸ்டீரியோவாகவே கிடைக்கிறது, ஸ்டீரியோவாகவே கேளுங்கள். மோனோ பொத்தானை விடுவித்துவிட்டு, இரண்டு பெட்டிக்கும் உங்களுக்கும் சம தூரம் இருக்கும்படி உட்காருங்கள். முதல் தொகுதியைக் கேட்டு முடித்த அன்றே அதைப் போட வேண்டாம். கெஸ்ஸலின் கார்ட்கள் காதில் இருக்கும்போது ராபர்ட்ஸ் எவ்வளவு நுணுக்கமாக வாசிக்கிறார் என்பது பிடிபடாது. ரெட் மிட்செலுக்காகவே அதைத் தனியாக ஒரு முறை, பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்கலாம்.